பாண்டீஸ்வரி போட்ட பூஜ்யம்

பாண்டீஸ்வரிக்குச் சின்னச் சத்தங்கள் ஆகாது. மின்விசிறி கிறீச்சிட்டால் ஸ்டூலைப் போட்டு ஏறிவிடுவாள். குழாய் சொட்டினால், அது நிற்கும்வரை வீட்டில் சமையல் நடக்காது. அவள் கணவன் சிவக்குமார் சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து, மதுரையிலிருந்து சுற்றுப்பட்டு ஊர்களுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவன். அந்த வண்டியின் முன்பக்கம் எதுவோ கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது. பல மாதமாக அவன் காதில் விழாத அந்தச் சத்தம், ஒருமுறை அவள் கூட ஏறி உசிலம்பட்டிக்குப் போனபோது அவர்கள் வீடு இருக்கும் விளாங்குடியைத் தாண்டுவதற்குள் அவள் காதில் விழுந்துவிட்டது. செக்கானூரணியில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, கையை உள்ளே விட்டுத் துழாவி, ஒரு நட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அது எதிலிருந்து கழன்று விழுந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. வண்டி என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஒருத்தி கணினி வேலைக்குப் போனதில், கூட வேலை பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். பசுமலையில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். இயந்திரங்களுக்குள் ஓடும் புரோகிராம்களை எழுதுவது அவர்கள் வேலை. எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவதற்குக் கம்பைலர் என்று ஒன்று உண்டு. எழுதியது அடியோடு தப்பென்றால் அது நின்றுவிடும். தப்பா சரியா என்று அதற்கே சந்தேகம் வந்தால், வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, இந்த இடத்தை ஒருதரம் பாருங்கள் என்று ஒரு வரி மட்டும் சொல்லும். அதற்குப் பெயர் வார்னிங். நூறு வரி வார்னிங் ஓடினாலும் கம்பெனியில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஓடுதுல்ல, விடுங்க மேடம் என்பார்கள். பாண்டீஸ்வரி சாப்பாட்டு இடைவேளையில் தயிர்சாத டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பாள்.

கம்பெனி கோயம்புத்தூருக்கு இடம் மாறியபோது அவள் போகவில்லை. சிவக்குமாரின் பிழைப்பு மதுரையில் இருந்தது. உசிலம்பட்டிக்கு மேற்கே சொந்த ஊரில் அப்பா நல்லகாமன் தனியாக இருந்தார். அம்மா இறந்து சில வருடம் ஆகியிருந்தது. அதனால் விளாங்குடி வீட்டில் இருந்தபடியே, இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுக்கத் தொடங்கினாள். அப்போதுதான் இம்மானுவேல் வந்து சேர்ந்தான்.

இம்மானுவேல் அவளோடு கல்லூரியில் படித்தவன். சில வருடம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டுவிட்டு, மானாவாரி ஊர்களில் மழை அளக்கும் பெட்டிகள் வைத்துக்கொண்டிருந்தான். மொட்டைமாடியில் ஒரு வாளி மாதிரி இருக்கும். அதில் விழும் மழை, உள்ளே இருக்கும் சின்னக் கரண்டியில் நிறைந்து, கரண்டி சாயும். எத்தனை தடவை சாய்ந்தது என்பதை ஒரு மின்னணுச் சில்லு எண்ணும். பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் உள்ளங்கை அளவு கணினி. அது சில்லிடம் கேட்டு, மழை இத்தனை மில்லிமீட்டர் என்று ஊர் டீக்கடையில் மாட்டியிருக்கும் விளக்குப் பலகைக்கும், வேண்டியவர்களின் செல்போனுக்கும் அனுப்பும்.

பாண்டீஸ்வரியின் ஊரில் வாளி இருந்தது நல்லகாமன் வீட்டு மாடியில். பலகை இருந்தது எதிரே முத்திருளன் டீக்கடையில். நல்லகாமனுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. வாளியில் காக்கை உட்கார்ந்தால் கம்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவார்.

அந்தக் குட்டிக் கணினிகளுக்குள் ஓட ஒரு கெர்னல் வேண்டும். கெர்னல் என்றால் கணினியின் அடிமடி. திரை, கம்பி, சில்லு எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசுவது அதுதான். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம் என்று திறந்து வைத்திருக்கும் ஒரு கெர்னலைத்தான் இம்மானுவேல் எடுத்திருந்தான். அதைத் தன் பெட்டிக்கு ஏற்றபடி தயார் செய்து தரும் வேலையைப் பாண்டீஸ்வரியிடம் ஒப்படைத்தான்.

அவள் கம்பைலரை ஓடவிட்டுவிட்டுக் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள். திரையில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. நடுநடுவே வார்னிங். உலகத்துப் பெரிய மூளைகள் எல்லாம் எழுதியது என்கிறார்கள், அதிலுமா என்று அவளுக்கு ஆச்சரியம். அப்புறம் கை துடைத்துக்கொண்டு எழுந்து ஒன்றைப் படித்துப் பார்த்தாள். யாரோ எப்போதோ, ஓர் எண்ணை இந்தப் பெயரில் வைக்கப்போகிறேன் என்று அறிவித்துவிட்டு, கடைசிவரை அதைப் பயன்படுத்தாமலே விட்டிருந்தார்கள். ஒரு வரியை எடுத்தால் போதும். எடுத்தாள். தன் கணினியில் மட்டும் எடுத்து என்ன பயன், உரியவர்களுக்கே அனுப்பிவிடலாம் என்று தோன்றியது.

அனுப்புவது லேசில் முடியவில்லை. திருத்தத்தை மின்னஞ்சலில் இன்ன மாதிரி எழுதி, கீழே பெயர் போட்டு அனுப்ப வேண்டும் என்று ஒழுங்கு உண்டு. முதல் தடவை அவளுடைய மெயில் இடைவெளிகளைக் கலைத்துவிட்டது என்று திரும்பி வந்தது. அடுத்த தடவை தலைப்பு சரியில்லை என்றார்கள். அதற்கடுத்த தடவை ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு வீட்டில் கேசரி.

சிவக்குமார் கேசரியைத் தின்றுகொண்டே, இது எந்தக் கம்பெனி வேலை என்று கேட்டான். கம்பெனி எதுவும் இல்லை, எல்லாருக்கும் பொதுவானது என்றாள். அவன் சற்று யோசித்துவிட்டு, அப்ப ஊருணி தூர்வாருற மாதிரி என்றான். ஏறக்குறைய அப்படித்தான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

பெயரில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. சான்றிதழில் இருக்கிற மாதிரி பாண்டீஸ்வரி என்ற பெயரையும் அதன் பின்னால் 'என்' என்ற இனிஷியலையும் போட்டிருந்தாள். மழைச் சில்லு மாதிரி அளவெடுக்கும் கருவிகளுக்கான பகுதியைக் கெர்னலில் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹெல்கா என்ற நார்வே நாட்டுப் பெண்மணி. கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று நினைத்து, இந்த 'என்' என்பதன் முழுப் பெயர் என்ன என்று கேட்டிருந்தார். நல்லகாமன் என்று இவள் எழுதினாள். மறு கடிதம், 'அன்புள்ள திருமதி நல்லகாமன்' என்று வந்தது. விஷயத்தை அப்பாவிடம் போனில் சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள், நார்வேயிலிருந்து நல்லகாமனுக்குக் கடிதம் வந்திருப்பதாக ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இப்படி மாதம் சில வார்னிங் என்று அவள் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். லேசானவற்றை முதலில் முடிப்பது அவள் பழக்கம். கொஞ்சம் யோசிக்க வேண்டியவை பின்னால் காத்துக்கிடந்தன.

ஆவணியில் ஒரு நாள் மத்தியானம் நல்லகாமனிடமிருந்து போன்.

"ஏத்தா, ஒங்க பெட்டி ஒம்போதாயிரத்துச் சொச்சம் மில்லி மழைங்குது."

"அங்க மழையாப்பா?"

"வெயிலு மண்டையப் பொளக்குது. முத்திருளன் கடையில ஒரு கூட்டமே நின்டு வேடிக்க பாக்குறாக."

ஒன்பதாயிரம் மில்லிமீட்டர் என்றால் தென்னை மரம் முழுகுகிற மழை. டீக்கடையில் ஒருவர் வீட்டுக்குப் போய்க் குடை எடுத்து வந்து விரித்துப் பிடித்துக்கொண்டு டீ குடித்தாராம். இன்னொருவர், ஆட்டையெல்லாம் மாடியில் ஏற்றிக் கட்டவா என்று நல்லகாமனிடம் கேட்டாராம். பஸ் பிடித்து ஓடிவந்த இம்மானுவேலை முத்திருளன் மரியாதையாக உட்காரவைத்து, டீ குடிங்க சார், வெள்ளம் வடியட்டும் என்றிருக்கிறான்.

மாடிக்குப் போய்ப் பார்த்ததில், வாளிக்கும் பெட்டிக்கும் இடையில் ஓடும் கம்பியை அணில் கடித்திருந்தது. இம்மானுவேல் கடிபட்ட இடத்தில் டேப்பைச் சுற்றிவிட்டு வந்தான். ஆனால் பாண்டீஸ்வரிக்கு அது போதவில்லை. கம்பி அறுந்தால் ஒன்றும் வராமல்தானே இருக்க வேண்டும், ஒன்பதாயிரம் எங்கிருந்து வந்தது?

கெர்னலைத் திரும்பக் கம்பைலரில் ஓடவிட்டாள். வார்னிங் வரிசையில், பின்னால் பார்க்கலாம் என்று அவளே தள்ளி வைத்திருந்த ஒரு வரி இருந்தது. மழை எண்ணும் சில்லோடு பேசுகிற பகுதி. சில்லு சொல்லும் எண்ணை வாங்கி வைக்க அங்கே ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் எதையும் வைக்காமலே அதை எடுத்துப் பயன்படுத்த வாய்ப்பு இருக்கிறது என்றது கம்பைலர். அதுதான் நடந்திருக்கிறது. கம்பி அறுந்ததால் சில்லு பதில் சொல்லவில்லை. பதில் வந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை. அந்த இடத்தில் முன்பு எதற்கோ பயன்பட்டு மிஞ்சிக்கிடந்த ஏதோ ஓர் எண்ணை எடுத்து, இதுதான் மழை என்று டீக்கடைக்கு அனுப்பியிருக்கிறது.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவள் அதிகம் யோசிக்கவில்லை. அந்த இடத்தில் ஆரம்பத்திலேயே ஒரு பூஜ்யத்தை வைத்துவிட்டாள். இனிமேல் பழைய குப்பை அங்கே கிடக்காது. கம்பைலரை ஓடவிட்டாள். வார்னிங் போய்விட்டது. புதிய கெர்னலை இம்மானுவேலின் பெட்டிகளுக்கு அனுப்பிவிட்டு, அதே திருத்தத்தை ஹெல்காவுக்கும் அனுப்பினாள்.

ஹெல்காவின் பதில் இரண்டே வரி. 'வார்னிங் போய்விட்டது, நன்றி. ஆனால் சில்லு பதில் சொல்லாதபோது, மழை பெய்யவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்?'

பாண்டீஸ்வரிக்கு எரிச்சலாக இருந்தது. சோறு போடும்போது சிவக்குமாரிடம் பொரிந்தாள். ஒன்பதாயிரம் என்று காட்டி ஊர் சிரித்ததற்கு, பூஜ்யம் எவ்வளவோ தேவலை இல்லையா என்று கேட்டாள். தேவலைதான் என்றான் அவன். அந்தம்மா இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்றாள். அவன் ரசம் ஊற்றிக்கொண்டான். இது வார்னிங்கை நீக்குகிற சின்னத் திருத்தம் மட்டுமே என்று ஹெல்காவுக்கு ஒரு பதில் போட்டாள். அப்படியானால் காத்திருக்கலாம், அவசரமில்லை என்று மறுபதில் வந்தது. அத்தோடு அது கிடப்பில் கிடந்தது.

புரட்டாசி பிறந்தது. நல்லகாமன் காட்டை உழுது போட்டுவிட்டு, விதைச் சோளத்தை மூட்டையில் கட்டி வைத்துவிட்டு, மழைக்காகக் காத்திருந்தார். நல்ல மழை ஒன்று விழுந்தால் ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட வேண்டும். அதற்குள் கண்ணில் புரை விழுந்திருக்கிறதா என்று காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று மகள் வற்புறுத்த, விளாங்குடிக்கு வந்தார். கிளம்பும்போது முத்திருளன் கேட்டிருக்கிறான், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று. அதெல்லாம் எம் மக போன்லயே பாத்துச் சொல்லிப்புடும் என்று அவர் பெருமையடித்துவிட்டு பஸ் ஏறினார்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் நல்லகாமன் மாடியில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். நாகமலைக்கு அந்தப் பக்கம் வானம் கருகருவென்று கிடந்தது. மின்னல் வேறு. அவர் கீழே இறங்கி வந்து, கடைசி பஸ்ஸுக்குப் போய்விடட்டுமா என்றார். பாண்டீஸ்வரி போனை எடுத்துப் பார்த்தாள்.

"பூஜ்யம்ப்பா. ஒரு சொட்டு விழுகல."

"மேக்க இருட்டிக்கிட்டுக் கெடக்கே."

"இருட்டும்ப்பா. நம்ம ஊர்ல பேயல. இந்தா பாருங்க."

அவர் போனைத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தன் கண் மேல் அப்போது அவருக்கு நம்பிக்கை குறைந்திருந்தது. மகள் மேல் குறையவில்லை. சரி என்று இருந்துவிட்டார். விளாங்குடியில் மழை இல்லை. மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முத்திருளனின் போன் வந்தது.

"மாமா, எல்லாரும் காட்டுல எறங்கிட்டாக. நீங்க எங்க இருக்கீக?"

ஊரில் இரண்டு உழவு மழை பெய்திருந்தது. ஓடையில் தண்ணீர் போயிருந்தது. டீக்கடைப் பலகை மட்டும் விடிய விடியப் பூஜ்யம் என்று எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு எல்லாரும் விதைமூட்டையைத் தூக்கப் போய்விட்டார்கள். நல்லகாமனுக்குத்தான் மகள் சொல்லியிருப்பாளே, வந்துகொண்டிருப்பார் என்று யாரும் போன் செய்யவில்லை.

நல்லகாமன் எழுந்து சட்டையை மாட்டினார். பாண்டீஸ்வரிக்கு அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. சிவக்குமார் அன்றைக்குத் திண்டுக்கல்லுக்கு ஏற்ற வேண்டிய சரக்கை இன்னொரு வண்டிக்கு மாற்றிவிட்டு, மாமா ஏறுங்க என்றான். முன்னால் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். செக்கானூரணி தாண்டியதும் சாலையோரக் குழிகளில் தண்ணீர் தெரிந்தது. உசிலம்பட்டி நெருங்க நெருங்க மண் வாசம் வண்டிக்குள் ஏறியது. அவள் போனைப் பார்த்தாள். இன்னும் பூஜ்யம்.

ஊரில் இருந்த ஒரே டிராக்டர் வரிசையாகப் பலருக்கும் ஓட வேண்டியிருந்தது. காத்திருந்தால் இருட்டிவிடும். வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. முத்திருளன் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, தன் அண்ணன் வீட்டு மாட்டையும் ஏரையும் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அவன் ஏர் ஓட்ட, நல்லகாமன் விதைத்தபடி முன்னே போனார். சிவக்குமார் விதையை அள்ளி அள்ளிக் கொண்டுவந்து கொடுத்தான். பாண்டீஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னாலேயே தட்டைப்பயறு போட்டுக்கொண்டு போனாள். பல வருடத்துக்கு முன் செய்த வேலை. முதல் இரண்டு உழவுச் சாலில் பயறு கொத்துக் கொத்தாக விழுந்தது, அப்புறம் கை பழகிவிட்டது. பொழுது சாயும்போது கடைசி மூலையும் முடிந்தது. மேல்மண் வெளுக்கத் தொடங்கியிருந்தாலும், விரலை விட்டால் உள்ளே ஈரம் இருந்தது.

நல்லகாமன் வரப்பில் உட்கார்ந்து, முளைச்சிரும் என்றார். காலையிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

மறுநாள் காலை இம்மானுவேலும் வந்து சேர்ந்தான். பாண்டீஸ்வரி மாடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் புகுந்து செம்புக்கம்பி பச்சை பூத்திருந்தது. மழை தொடங்கிய நேரம் பார்த்துச் சில்லு வாயை மூடியிருக்கிறது. கெர்னல் வழக்கம்போலப் பதில் வந்ததா என்று பார்க்காமல், அவள் வைத்த பூஜ்யத்தை எடுத்து அனுப்பியிருக்கிறது. ஒன்பதாயிரம் என்று அனுப்பியிருந்தால்கூட அப்பா சிரித்துவிட்டு பஸ் ஏறியிருப்பார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நல்லகாமன் டீத்தூக்கோடு மேலே வந்தார். அணில் செய்த வேலைக்குப் பெட்டி என்ன செய்யும் என்று சமாதானம் சொன்னார்.

"கம்பியக் கடிச்சது அணிலுதான்ப்பா. மழை இல்லன்னு ஒங்ககிட்டப் பொய் சொன்னது நானு. சில்லுகிட்ட இருந்து பதில் வராத எடத்துல நான்தான் பூஜ்யத்த எழுதி வச்சேன்."

அவர் டீயை ஊற்றிக் கொடுத்தார்.

"தெரியலன்னு போட்டிருந்தா நான் அப்பவே கெளம்பியிருப்பேன். பூஜ்யம்னு போட்டதுனாலதான் ஒக்காந்துட்டேன்."

ஹெல்கா கேட்ட கேள்வி அதுவேதான் என்பது அவளுக்குச் சிரிப்பாகவும் வெட்கமாகவும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். வைத்த பூஜ்யத்தை எடுத்தாள். சில்லிடம் கேட்டதும், பதில் வந்ததா என்று முதலில் பார். வரவில்லையென்றால் எண் எதையும் அனுப்பாதே, படிக்க முடியவில்லை என்று மேலே சொல்லிவிடு. எழுதியது என்னவோ இரண்டு வரிதான். கம்பைலரை ஓடவிட்டாள். இப்போதும் வார்னிங் வரவில்லை.

ஆனால் கெர்னல் அப்படிச் சொன்னால், அதை வாங்கிப் பலகைக்கு அனுப்புகிற இம்மானுவேலின் புரோகிராமும் மாற வேண்டும். டீக்கடைப் பலகையில் 'தெரியவில்லை' என்று வர வேண்டும் என்றாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே ஊர் சிரிக்கிறது, இதில் தெரியவில்லை என்று வேறு எழுதிக் காட்டினால் பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்றான். பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கலாம், அதற்குள் நான் ஓடிவந்து சரிசெய்துவிடுவேன் என்றும் சொன்னான். இருவரும் மாடியில் நின்று பேசியது கீழே டீக்கடைவரை கேட்டது.

அதைத் தீர்த்துவைத்தவன் முத்திருளன். கீழே இருந்தபடியே குரல் கொடுத்தான்.

"சார், தெரியலன்னே போடுங்க. தெரியலன்னா நாங்க மாடிக்கி ஏறிப் பாத்துக்கிறோம். நீங்களும் பஸ் ஏறி ஓடியார வேண்டியதில்ல."

இம்மானுவேல் சிரித்துவிட்டான். புரோகிராமை அங்கேயே மாற்றினார்கள். சிவக்குமார் உசிலம்பட்டிக்குப் போய், தண்ணீர் புகாத இணைப்பும், அணில் கடிக்காதபடி கம்பிமேல் மாட்டும் இரும்புக் குழாயும் வாங்கி வந்தான். எல்லாம் மாட்டி முடித்ததும் பாண்டீஸ்வரி வேண்டுமென்றே கம்பியைப் பிடுங்கினாள். எதிரே பலகையில் 'தெரியவில்லை' என்று சிவப்பாக எரிந்தது. கடையில் இருந்தவர்கள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்கள். அப்புறம் கம்பியை மாட்டி, நல்லகாமன் ஒரு சொம்புத் தண்ணீரை வாளியில் ஊற்றினார். எண் ஏறியது. யாரோ கை தட்டினார்கள்.

விளாங்குடிக்குத் திரும்பியதும் ஹெல்காவுக்குப் புதிய திருத்தத்தை அனுப்பினாள். முதலில் அனுப்பியதை மறந்துவிடுங்கள், அது வார்னிங்கின் வாயை அடைத்ததே தவிர எதையும் சரிசெய்யவில்லை என்று ஒளிக்காமல் எழுதினாள். அப்பா விதைக்கப் போகாமல் உட்கார்ந்திருந்ததையும் எழுதினாள். அதோடு நிற்கவில்லை. தான் முன்பு அனுப்பியவற்றையெல்லாம் திரும்ப எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரும்பாலும் சரியாக இருந்தன. ஒன்றில் மட்டும், வெப்பம் அளக்கும் வேறொரு சில்லில், இதே மாதிரி அவசரமாக ஒரு பூஜ்யம் போட்டிருந்தாள். அது ஏற்கப்பட்டு உள்ளே போயும்விட்டிருந்தது. படிக்க முடியாதபோது அந்தக் கருவி உலகத்தில் எங்கே இருந்தாலும் பூஜ்யம் டிகிரி என்று காட்டும். மதுரையில் பூஜ்யம் டிகிரி. அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே அதற்கும் ஒரு திருத்தம் எழுதினாள்.

இரண்டையும் ஹெல்கா ஏற்றுக்கொண்டார். இந்த முறை கடிதம் நீளமாக இருந்தது. மழைச் சில்லுக்கான இந்தப் பகுதியைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன், இதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை, முடிந்தால் அந்த வாளியைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஊருக்குப் போனார்கள். சோளம் விரல் நீளத்துக்கு முளைத்திருந்தது. பாண்டீஸ்வரி பயறு கொத்தாகப் போட்ட அந்த முதல் இரண்டு சால் மட்டும் கும்பல் கும்பலாக முளைத்து, தூரத்திலிருந்தே தெரிந்தது. அதைக் கலைத்து நடலாமா என்று அவள் கேட்டாள். ஆடு மேய்ந்தது போக மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்றார் நல்லகாமன். படம் என்றதும் அவர் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து வாளிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். முத்திருளன் டீ ஆற்றுகிற மாதிரி நின்றான். இம்மானுவேல் பலகையைத் துடைத்துவிட்டு நின்றான்.

சில நாள் கழித்து ஹெல்காவிடமிருந்தும் ஒரு படம் வந்தது. சாம்பல் நிற வானம், சரிவில் மர வீடுகள், ஈரமான தெரு. எங்கள் ஊரில் வருடத்தில் பாதிக்கு மேல் மழை, இங்கே மழை அளக்க யாரும் பெட்டி வைப்பதில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும் என்று எழுதியிருந்தார். உங்கள் அப்பாவின் பயிர் எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தார்.

பாண்டீஸ்வரி அதை ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினாள். அவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். அம்புட்டு மழை பெய்தால் என்ன விதைப்பார்களாம் என்று கேட்டார். கேட்டு எழுதினாள். உருளைக்கிழங்கு போடுவார்கள், நான் நகரத்தில் இருக்கிறேன், என் தம்பி மலைமேல் செம்மறி ஆடு வைத்திருக்கிறான் என்று பதில் வந்தது.

"செம்மறியா வச்சிருக்காக?" நல்லகாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த ஈரத்துல ஆட்டுக்குக் குளம்பு அழுகுமே. அதுக்கு என்ன பண்ணுறாகன்னு கேட்டு எழுதுத்தா."